ஒரு ரூபாயின் கதை: வெள்ளியும் தாளும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. அரசு முத்திரையிட்டு வெளியிடும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். நல்ல காசு ஒன்றில் முத்திரை சொல்லும் மதிப்பும் உள்ளே இருக்கும் பொருளும் ஒன்றாக இருக்கும். நல்ல மனிதரிடத்தில் வாய் சொல்வதும் நெஞ்சு நினைப்பதும் ஒன்றாக இருக்கும். இவ்விரண்டுக்கும் நம் மக்கள் ஒரே பெயர் இட்டது மிகப் பொருத்தமே.

ஆனால் தாள் நோட்டைப் பற்றி என்ன சொல்வது? அதன் முகத்தில் நூறு என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதோ சிறிதளவு பருத்திக் கூழும் மையும். ஆயினும் அதை வாங்க நாம் தயங்குவதில்லை. எடை பார்த்து வாங்கிய மக்கள் எழுத்தைப் பார்த்து வாங்கப் பழகியது எங்ஙனம்? இதை அறிய ஒரு ரூபாயின் வரலாற்றைப் பார்த்தால் போதும். வெள்ளியாகவும் தாளாகவும் மாறி மாறிப் பிறந்து, இன்று எஃகாக வழங்கும் ஒரு ரூபாயைப் போல இந்நாட்டின் பண மாற்றங்களைத் தன் உடம்பிலேயே தாங்கி நிற்பது வேறொன்று இல்லை.

ரூபாய் நம் பகுதிக்கு முதன்மைக் காசாக வருவதற்கு முன், தென்னாட்டில் வராகனும் பணமும் காசும் வழங்கின. சென்னையில் கும்பினியார் கணக்குப்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. இக்கணக்கைப் போடுவதே ஒரு கலையாக இருந்தது. பொன்னால் ஆகிய பணம் என்னும் காசின் எடை அரைக் கிராமுக்கும் குறைவு. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தெரியாது. மண்ணில் விழுந்தால் தேடி எடுப்பது அரிது. திருவிதாங்கூரில் இத்தகைய சிறு காசுகளை எண்ணுவதற்கென்றே சிறு குழிகள் வரிசையாகக் குடைந்த பலகைகள் இருந்தன. காசுகளைப் பலகையின்மேல் கொட்டி அசைப்பர். குழிக்கு ஒன்றாக அவை அமர்ந்துகொள்ளும். மிகுந்தவற்றை வழித்து எடுத்துவிட்டால் எண்ணிக்கை சரியாக நிற்கும். காசின் வடிவம் கைக்கு ஒவ்வாதபோது, கை தனக்கு ஒரு கருவியைத் தேடிக்கொள்கிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எண்ணுவது ஒரு தொல்லையென்றால், நம்புவது மற்றொரு தொல்லை. காசின் மாற்றுப் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு இச்சொல் சேர்ந்து வருவதிலிருந்து அத்தொழிலின் பழமை விளங்கும். பிற்காலத்தில் அவ்வேலையைச் செய்தவர்கள் சராப்புகள். அவர்கள் காசைச் சுண்டி ஓசை கேட்டனர், உரைகல்லில் உரைத்தனர், தராசில் நிறுத்தனர். அத்துடன் காசில் பொறித்த ஆண்டையும் பார்த்தனர். முகலாயர் முறையில் ரூபாயின்மீது மன்னரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டது. புதிய ஆண்டுக் காசு முழு மதிப்புப் பெற்றது. பழைய ஆண்டுக் காசு தேய்ந்திருக்கும் என்று சொல்லி வட்டம் பிடித்தனர். வட்டம் என்பது மதிப்பில் செய்யும் கழிவு. தேயாத காசுக்கும், ஆண்டு பழையது என்ற ஒரே காரணத்தால் வட்டம் விழுந்தது. இந்த இழப்பைத் தாங்கியவன் யார்? விளைச்சலை விற்று அந்தக் காசிலேயே வரி கட்ட வேண்டிய உழவன். இதைத் தடுக்கும் பொருட்டே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் கும்பினியார், எந்த ஆண்டில் அடித்த ரூபாயானாலும் ஷா ஆலம் மன்னரின் 19-ஆம் ஆட்சியாண்டையே பொறிக்கலாயினர். காசின் முகத்தில் காலம் அசையாமல் நின்றது. அதனால் ஏழையின் கையிலிருந்த காசு தன் மதிப்பைக் காத்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் 1818-ஆம் ஆண்டில் வராகனின் இடத்தை ரூபாய் பெற்றது. பிறகு 1835-ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினியின் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்தியது. அதன் எடை 180 கிரெயின். இன்றைய அளவில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. ஒருபுறம் நான்காம் வில்லியம் மன்னரின் தலை. மறுபுறம் ஒரு மாலைக்குள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் எழுதிய மதிப்பு. அவ்விரு மொழியும் அறியாத தமிழ் உழவனுக்கு அந்த எழுத்து வெறும் கோலமே. ஆயினும் அவன் அந்த ரூபாயைத் தடையின்றி அறிந்தான். அதன் கனத்தைக் கை அறிந்தது. அதன் ஓசையைக் காது அறிந்தது. அதன் வெட்டுவரி விளிம்பை விரல் அறிந்தது. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடினால் அவ்வரி கெட்டுக் களவு வெளிப்படும்.

இந்த ரூபாய் காசாக மட்டும் இருக்கவில்லை, எடைக்கல்லாகவும் இருந்தது. ஒரு ரூபாய் எடை என்பதே ஒரு தோலா. நம் பக்கத்தில் மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எடைக்கல் இல்லாத வீட்டிலும் ரூபாய் இருந்தால் மருந்தையும் பொன்னையும் நிறுக்கலாம். பணமும் அளவும் ஒன்றாக நின்ற காலம் அது.

இத்துணைச் சிறப்புடைய வெள்ளி ரூபாய்க்கு ஒரு பெருங்குறையும் இருந்தது. ஆயிரம் ரூபாயின் எடை பதினோரு கிலோவுக்கு மேல். இலட்சம் ரூபாயின் எடை 1,166 கிலோ. இலட்ச ரூபாயை ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்ல வண்டியும் மாடும் காவலும் வேண்டும். வணிகம் பெருகப் பெருக இச்சுமை தாங்க முடியாததாயிற்று. இந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் தாள் வந்தது.

வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாண வங்கிகள் முன்னரே நோட்டுகள் வெளியிட்டு வந்தன. 1861-ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் அவ்வுரிமையை அரசுக்கே உரியதாக்கியது. அன்று வெளிவந்த நோட்டுகளில் மிகச் சிறியது பத்து ரூபாய். ஐந்து ரூபாய் நோட்டு 1871-இல்தான் வந்தது. ஆகவே நோட்டு வணிகரின் பொருளாகவும் அலுவலகங்களின் பொருளாகவுமே இருந்தது. கூலியாளின் கைக்கு அது வரவில்லை. மேலும் நாடு பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு வட்டாரத்தின் நோட்டு அவ்வட்டாரத்தில் மட்டுமே சட்டப்படி செல்லுவதாயிற்று. சென்னை நோட்டைக் கல்கத்தாவில் ஒருவர் வாங்க மறுத்தால் அவர்மேல் குற்றமில்லை. ஐந்து ரூபாய் நோட்டு 1903-இலும், பத்து ரூபாயும் ஐம்பது ரூபாயும் 1910-இலும், நூறு ரூபாய் 1911-இலும் இக்கட்டிலிருந்து விடுபட்டன.

அக்காலத்தில் நோட்டைத் தபாலில் அனுப்பிய முறை கேட்பதற்குச் சுவையானது. நோட்டை இரண்டாக வெட்டுவர். முதலில் ஒரு பாதியை அனுப்புவர். அது போய்ச் சேர்ந்ததென்று மறுமொழி வந்த பின்னரே அடுத்த பாதியை அனுப்புவர். வழியில் திருடியவனுக்குப் பாதி நோட்டால் பயனில்லை. வெள்ளிக் காசை இப்படிச் செய்ய இயலுமா? காசின் மதிப்பு அதன் ஒவ்வொரு துகளிலும் இருக்கிறது. நோட்டின் மதிப்போ அதன் முழுமையிலும் எண்ணிலும் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நூல் எதுவும் கற்பிக்குமுன்பே அன்றைய வணிகர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஒரு ரூபாய்க்கே தாள் வடிவம் வரும் நாளை முதல் உலகப் போர் கொண்டுவந்தது. போரின்போது இந்தியாவிலிருந்து சரக்குகள் மிகுதியாக ஏற்றுமதியாயின. அவற்றுக்கு ஈடாக ரூபாய் வேண்டியிருந்தது. ரூபாய் அடிக்க வெள்ளி வேண்டியிருந்தது. வெள்ளியின் விலையோ நாள்தோறும் ஏறியது. 1917 ஆகஸ்டு மாதத்தில் ரூபாய்க்குள் இருந்த வெள்ளியின் விலை ரூபாயின் மதிப்பையே எட்டிவிட்டது. இனி ரூபாயைச் செலவிடுவதைவிட உருக்குவதே ஆதாயம். அரசு உருக்குவதையும் ஏற்றுமதி செய்வதையும் தடுத்தது. ஆயினும் சட்டத்தால் வெள்ளியை உண்டாக்க முடியாதன்றோ?

1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. அதன் வடிவத்தை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தத் தாளின்மீது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாயே படமாக அச்சிடப்பட்டிருந்தது. கேட்டபோது ஒரு ரூபாய் தருவதாக உறுதிமொழியும் எழுதியிருந்தது. எழுத்தறியாத மக்களுக்கு, "இஃது அந்த வெள்ளி ரூபாய்க்கு ஈடு" என்று படம் சொல்லியது. தாள் தன் சொந்த முகத்தோடு வர அஞ்சி, வெள்ளியின் முகத்தை அணிந்து வந்தது. இதைத் தொடர்ந்து இரண்டரை ரூபாய் நோட்டும் வெளிவந்தது.

மக்கள் எளிதில் ஏமாறவில்லை. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டனர். சில இடங்களில் கடைக்காரர் நோட்டுக்கு வட்டம் பிடித்தனர். முன்பு பழைய காசுக்கு விழுந்த வட்டம் இப்போது புதிய தாளுக்கு விழுந்தது. கருவூலத்தில் வெள்ளி குறைந்துகொண்டே வந்தது. அந்நிலையில் 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்னும் சட்டத்தை இயற்றித் தன் வெள்ளி டாலர்களை உருக்கி, இருபது கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. நம் சிற்றூர்ச் சந்தையில் ஒருவன் நோட்டை மறுத்ததன் அதிர்வு கடல் கடந்து அமெரிக்கக் கருவூலத்தையே தொட்டது. போர் முடிந்து வெள்ளி மலிந்த பிறகு, 1926-ஆம் ஆண்டு தொடங்கியபோது ஒரு ரூபாய் நோட்டு நிறுத்தப்பட்டது. வெள்ளி மீண்டும் அரியணை ஏறியது.

அந்த அரசு நீடிக்கவில்லை. 1940-இல் பிரான்சு வீழ்ந்ததும் மக்கள் நோட்டுகளைக் கொடுத்துவிட்டு வெள்ளி ரூபாய்களை வாங்கிப் புதைக்கத் தொடங்கினர். சொந்தத் தேவைக்கும் தொழிலுக்கும் மிகுதியாகக் காசு சேர்ப்பது குற்றம் என்று அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசு ஆணையிட்டது. அவ்வாண்டே ஒரு ரூபாய் நோட்டு மறுபிறப்பெடுத்தது. இம்முறை அதில் வெள்ளி தருவதாக உறுதிமொழி இல்லை. "இந்த நோட்டையே ரூபாய்க் காசாகக் கொள்க" என்று சட்டம் கூறிவிட்டது! இன்றளவும் அந்நிலை மாறவில்லை. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்திலும் நாணயம் என்பதன் பொருளுக்குள் ஒரு ரூபாய் நோட்டு அடங்கும். மற்ற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. அவற்றில் வங்கியின் ஆளுநர் கையொப்பம் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டை இந்திய அரசே வெளியிடுகிறது. அதில் நிதித்துறைச் செயலாளர் கையொப்பம் இருக்கும். 1917-இல் காசின் படத்தைத் தாங்கி வந்த தாள், 1940-இல் சட்டத்தின் வலிமையால் தானே காசாயிற்று.

வெள்ளி ரூபாயும் அவ்வாண்டில் பாதி வெள்ளியாகக் குறைந்தது. மலிந்த உலோகத்தில் கள்ளக் காசு அடிப்பது எளிது என்பதால், விளிம்பு வரிகளின் நடுவே ஒரு பள்ளம் ஓட்டிக் காப்பு விளிம்பு அமைத்தனர். போர் வளர வளரச் சில்லறைப் பஞ்சமும் வந்தது. தபால் தலைகள் சில்லறையாகக் கைமாறின. சுதேச சமஸ்தானங்கள் சில அட்டைச் சீட்டுகள் வெளியிட்டன. அட்டையும் தபால் தலையும் வியர்வைக் கையில் எத்தனை நாள் நிலைக்கும்? செம்பை மிச்சப்படுத்த 1943-இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. "ஓட்டைக் காலணா" என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். போருக்குச் சென்ற உலோகம் போக எஞ்சியதே ஏழைக்கு வந்தது என்பதை அந்தத் துளை சொல்லாமல் சொல்லியது.

விடுதலை ஆண்டான 1947-இல் ரூபாய் முழு நிக்கலாயிற்று. அதன்பின் அதன் உள்மதிப்பை எவரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. 1950-இல் மன்னர் தலை நீங்கி அசோகரின் சிங்கத்தூண் வந்தது. 1957 ஏப்ரல் முதல் நாளில், பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. மாற்றுக் கணக்கில் ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசில்லை. எனவே ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என வகுத்தனர். நான்கு தனித்தனி அணாவை மாற்றினால் 24 பைசா. சேர்த்து மாற்றினால் 25. ஒரு பைசாதானே என்று செல்வர் சொல்லலாம். கீரை விற்பவள் அவ்வாறு சொல்ல முடியுமா?

ஆயினும் அப்புதிய காசுகளின் வடிவமைப்பு பாராட்டத்தக்கது. ஒரு பைசா வட்டம். இரண்டு பைசாவும் பத்துப் பைசாவும் பூவிதழ் போன்ற விளிம்புடையன. ஐந்து பைசா சதுரம். இருட்டில் மடியிலிருந்து எடுத்தாலும் விரலே கணக்குச் சொல்லும். தாள் நோட்டு பெரும்பாலும் கண்ணை நம்பி வாழ்வது; காசு கண்ணுக்கும் கைக்கும் பொது. படிப்பில்லாதவருக்கும் பார்வையற்றவருக்கும் காசு தோழனாக இருப்பது இதனாலேயே.

அதன்பின் நடந்தது ரூபாய் இளைத்த கதை. 1975-இல் செப்பு நிக்கலில் வந்த ரூபாய் 8 கிராம். 1983-இல் 6 கிராம். 1992-இல் துருப்பிடிக்காத எஃகில் 4.85 கிராம், 2011-இல் 3.79 கிராம், 2019-இல் அறிமுகமான வரிசையில் 3.09 கிராம். விலைவாசி ஏற ஏற ரூபாயின் வாங்கும் வலிமை குறைந்தது. அதற்கேற்ப உடம்பும் இளைத்தது. தாள் ரூபாய்க்கும் முடிவு வந்தது. ஒரு ரூபாய் நோட்டு கைக்குக் கை ஓயாமல் மாறுவது. எளிதில் கசங்கும், கிழியும், அழுக்கேறும். எஃகுக் காசோ அடிக்கும்போது செலவு கூடினாலும் பல ஆண்டுகள் உழைக்கும். அதனால் 1994-இல் ஒரு ரூபாய் நோட்டையும், 1995-இல் இரண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகளையும் அச்சிடுவது நிறுத்தப்பட்டது. 2015-இல் ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் வெளியானது. எனினும் சந்தையின் அன்றாட வேலையைச் செய்வது காசே.

எனவே காசு, தாள் என்ற வழக்கில் தீர்ப்பு எளிதில் விளங்கும். பெருந்தொகை பயணம் செய்யத் தாள் வேண்டும். சிறு தொகை நாள் முழுதும் உழைக்கக் காசு வேண்டும். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. வாங்குபவன் அதைக் கண்டவுடன், தொட்டவுடன் அறிய வேண்டும். அரசு வடிவங்களை அடிக்கடி மாற்றினால் அந்த அறிவு குலையும்.

இதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு. 1992-ஆம் ஆண்டு வகை ஒரு ரூபாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம், உலோகம் எஃகு. 2011-ஆம் ஆண்டு வகை இரண்டு ரூபாய்க்கும் அதே குறுக்களவு, அதே எடை, அதே உலோகம். இரண்டும் ஒருங்கே வழங்கியபோது பார்வையற்ற ஒருவர் எதைக் கொண்டு வேறுபாடு அறிவார்? 2019-இல் வெளியிடப்பட்ட புதிய வரிசையில், மதிப்பு ஏற ஏற எடையும் ஏறுமாறு அமைத்து, இருபது ரூபாய்க் காசுக்குப் பன்னிரண்டு பக்கங்கள் கொடுத்தது இக்குறையைப் போக்க எடுத்த நல்ல முயற்சியாகும்.

மற்றொன்று பத்து ரூபாய்க் காசு. அதில் பதினைந்து கதிர் கொண்டதும் உண்டு, பத்துக் கதிர் கொண்டதும் உண்டு. ரூபாய்க் குறி உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இவற்றுள் ஒன்று கள்ளக் காசு என்று வதந்தி பரவியது. தமிழகத்தின் பல ஊர்களில் கடைகளில் அதை வாங்க மறுத்தனர். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அறிவிப்பு வந்த பின்னும் ஐயம் உடனே அகலவில்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் வாங்க முடியாமல் நின்றவர்கள், வேறு பணம் இல்லாத எளியவர்களே.

பழைய ஆண்டு பொறித்த ரூபாய்க்கு வட்டம் பிடித்த சராப்பின் கடைக்கும், பத்துக் கதிர் காசைத் தள்ளிய பெட்டிக்கடைக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. வெள்ளி போயிற்று, நிக்கல் போயிற்று, தாளும் வந்து, போய், மீண்டும் வந்தது. உங்கள் கையில் நாளை ஒரு காசு வரும்போது, அதன் விளிம்பை விரலால் தடவி, இருபுறமும் என்ன பொறித்திருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். செல்லும் காசைச் செல்லாது என்று எவரேனும் ஓர் ஏழையிடம் சொன்னால், அது செல்லும் என்று எடுத்துச் சொல்லும் அறிவு உங்களிடம் இருக்கட்டும். நாணயம் என்னும் சொல்லின் இரண்டு பொருளும் அப்போது ஒன்றாகும்.